நோட்டீசில் முதல் பெயர்

திண்டுக்கல், பேகம்பூர்
24 ஜூன் 2025

மாமிக்கு ஸலாம்.

நோட்டீசில் நான் முதலில் பார்த்தது உங்கள் பெயரைத்தான். சைதூன் பீவி என்று மேலே இருக்கிறது. அதற்குக் கீழேதான் மன்சூர் என்று அத்தாவின் பெயர். இதற்கு முன்னால் வந்த ரசீதுகளிலும் அப்படித்தான் இருந்திருக்கும். மூன்று வருடமாக நம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் என்பதால் இந்தத் தடவை கண்ணில் பட்டது.

நான் ஹுஸ்னா, உங்கள் தம்பி மகள். கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்ற பிறகு மளிகைச் சிட்டை தவிர எதுவும் எழுதியதில்லை. போன் செய்யலாம்தான். அம்மாவின் போனில் இருந்த உங்கள் நம்பரை அத்தா அழித்துவிட்டார். நம்பர் கிடைத்தாலும் நீங்கள் ஹலோ என்றதும் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் பெருநாளைக்கு நீங்கள் பேசும்போது, "மூச்சு விடுற சத்தம் கேக்குது, அப்ப ஹுஸ்னாதான்" என்று சிரிப்பீர்கள்.

விஷயம் இதுதான். நம் வீட்டு வரியை மாற்றி நோட்டீஸ் வந்திருக்கிறது. போன வருடம் வரை குடியிருப்பு என்று இருந்தது. இப்போது 'வணிகம் – உணவுக்கூடம்' என்று போட்டிருக்கிறார்கள். பின்பக்கத்து ஷெட்டைச் சாப்பாட்டுக் கடை என்று எழுதியிருக்கிறார்கள். தாத்தா காலத்திலிருந்து நோன்பு மாதத்தில் மட்டும், அதுவும் சும்மா கொடுக்கிற கஞ்சி அது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரி மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

அத்தா நோட்டீசைப் படித்துவிட்டு அலமாரி மேல் போட்டார். அம்மா, "போய்க் கேளுங்களேன்" என்றதற்கு, "அத்தா காய்ச்சி ஊத்துன கஞ்சிய யாவாரம்னு எழுதிட்டான். இல்ல சார், தர்மம் சார்னு நான் போயி கைகட்டி நிக்கணுமாக்கும்" என்றார். அவருக்குத் தோல் ஷாப்பில் இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. இந்த வரியைக் கட்ட முடியாது. வீட்டை விற்றுவிடலாம் என்கிறார். அடுத்தாற்போல் இருக்கிற லாட்ஜ்காரர் வண்டி நிறுத்த இடம் தேடுகிறாராம். தரகர் அயாஸ் இதுவரை இரண்டு தடவை வந்துவிட்டார். அவர் வந்து போன அன்றெல்லாம் அம்மா சமையலில் உப்புப் போட மறந்துவிடுகிறார்.

எதிர்வீட்டுத் தையல்கார லிடியா அக்காவிடம் நோட்டீசைக் காட்டினேன். ஜூலை 14-க்குள் ஆட்சேப மனு கொடுக்கலாம், வீட்டுக்கு உரியவர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் மனு எழுதினேன். அதை இதோடு வைத்திருக்கிறேன். மேலே உங்கள் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். லிடியா அக்கா வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். உறையின் பின்பக்கத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறேன். அத்தாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது.

ஹுஸ்னா


நத்தம்
30 ஜூன் 2025

ஹுஸ்னாவுக்கு,

கடிதம் சனிக்கிழமை வந்தது. தபால்காரர் என்னை வெளியே கூப்பிட்டுக் கொடுத்தார். மூன்று வருடம் கழித்து அந்த வீட்டிலிருந்து ஒரு காகிதம், அதுவும் கையெழுத்துக் கேட்டு.

என் பெயர் மேலே இருப்பதை இப்போதுதான் பார்த்தாயா? உன் தாத்தா எழுதி வைத்த பத்திரத்திலேயே அப்படித்தான். மூத்தவள் நான்தானே. அவர் மௌத்தான பிறகும் ஒவ்வொரு நோன்புக்கும் நத்தத்திலிருந்து வந்து ஒரு மாதம் அந்த ஷெட்டில் வெந்தவள் நான். புகையில் ஒரு கண் மங்கிப்போனதுதான் மிச்சம்.

நீ அன்று சின்னப் பெண். என்ன நடந்தது என்று உன் அத்தா எப்படிச் சொல்லி வைத்திருக்கிறானோ தெரியாது. நான் சொல்கிறேன். கஞ்சி அடிப்பிடித்தது உண்மை. தீய்ந்த வாடை தெருமுனை வரை போனது. தூக்குச் சட்டியோடு ஜனம் வரிசையில் நிற்கிறது. உன் அத்தா வந்து அண்டாவைப் பார்த்தான். "ஓம் வீடா இருந்தா இப்படி விட்டுட்டுப் போவியா? இது ஓம் வீடில்ல. வந்தவ வந்த மாதிரி இருந்துட்டுப் போ" என்றான். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு மறுநாள் அரிசி கழுவியிருப்பேன். அவன் நாலு பேர் காதில் விழச் சொன்னான். நோன்போடு பஸ் ஏறினேன். நத்தம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பாங்கு சொல்கிறார்கள். கையில் ஒரு பேரீச்சம்பழம்கூட இல்லை. பூ விற்கிற பெண் ஒருத்தி அவள் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். அதில்தான் நோன்பு திறந்தேன்.

என் வீடு இல்லாத வீட்டுக்கு நான் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்? அவனைக் கேட்டுச் சொல்.

இங்கே புளி உடைக்க வருகிற பெருமாயியிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "ஏந்தாயி, வீடு ஒம் பேர்லதான் இருக்குன்னு ஆபீசே எழுதி அனுப்புது. ஒந் தம்பி மட்டும் இல்லேங்கிறானா? அப்ப வரியவும் அவனே கட்டட்டும், சொகமாப் போச்சு" என்றாள். கூடப் புளி உடைத்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மனுவைத் திருப்பி அனுப்பவில்லை. அரிசி டின்னுக்குள் கிடக்கிறது. அது கிடக்கட்டும். எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. கஞ்சி காய்ச்சுகிற இடத்தைச் சாப்பாட்டுக் கடை என்று அவர்களாகவா எழுதுவார்கள்? வரி போட வீட்டை அளக்க ஒருவர் வந்திருப்பாரே, அவருக்குப் பதில் சொன்னது யார்?

சைதூன்


திண்டுக்கல்
3 ஜூலை 2025

மாமிக்கு ஸலாம்.

பதில் சொன்னது நான். பதில் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது.

நோன்புக்கு மூன்று நாள் முன்னால் வந்தார். அத்தா அஸர் தொழப் போயிருந்தார். அம்மா முதுகுவலிக்கு ஊசி போட்டுக்கொண்டு படுத்திருந்தார். நீங்கள் வராத இந்த மூன்று நோன்புக்கும் அம்மாவும் நானும்தான் காய்ச்சுகிறோம், அதில் வந்த வலி. மூன்று அடுப்புக்கும் புதிதாக மண் பூசி, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்து, தகர டோக்கன் இருநூறையும் துணியில் காயவைத்திருந்தேன். கஞ்சி எல்லோருக்கும் எட்ட வேண்டுமென்று வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கிற அதே டோக்கன்தான்.

அவர் வெளியூர்க்காரர் போலிருக்கிறது, பேச்சு நம் பக்கத்துப் பேச்சாக இல்லை. நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "வீட்ல பெரியவங்க யாரும் இல்லையாம்மா?" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"இங்க சமையல் நடக்குதா?"

தலையாட்டினேன்.

"தினமுமா?"

நோன்பு வந்துவிட்டால் தினமும்தானே. தலையாட்டினேன்.

"டோக்கன் போட்டுக் குடுக்கிறீங்க. எத்தனை பேர் வருவாங்க?"

"இருநூறு" என்றேன். நான் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

"ரொம்ப வருஷமா நடக்குதா?"

அதற்கும் தலையாட்டினேன். பிறகு டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். ஷெட்டை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை நானும் அவருமாகத்தான் அளந்தோம். நோன்புக்கு மட்டும்தான், காசு வாங்குவதில்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் சீக்கிரம் போய்விட்டால் போதும் என்று இருந்தது.

அம்மாவின் முதுகுவலிக்காகத்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அது பாதிதான். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வேண்டிய நாள் வந்தால் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள்வேன். அம்மாவுக்கு முடியாமல் போனபோது உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தை லிடியா அக்கா வீட்டுத் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். அந்தத் தண்ணீர் பாட்டில் இடம் வந்ததும் மேலே படிக்க முடியவில்லை. அன்று நீங்கள் தொழப் போகும்போது கரண்டியை என் கையில்தான் கொடுத்தீர்கள். கைவிடாமல் கிண்டச் சொன்னீர்கள். பின்கதவு வழியாக விறகு இறக்க இரண்டு ஆட்கள் வந்தார்கள். நான் கரண்டியைச் சாத்தி வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டேன். அவர்கள் போகும் வரை வெளியே வரவில்லை. அடிப்பிடித்தது என்னால்தான்.

அத்தா உங்களைப் பேசியபோது நான் வாயைத் திறக்கவில்லை.

உங்களுக்குக் கையெழுத்துப் போட மனம் வராவிட்டால் அது என்னால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தாவை நினைத்து மறுக்க வேண்டாம். இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.

ஹுஸ்னா


நத்தம்
8 ஜூலை 2025

ஹுஸ்னாவுக்கு,

அடிப்பிடித்தது யாரால் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தொழுதுவிட்டு வந்தபோது கரண்டி சுவரில் சாய்ந்து நின்றது. அதில் ஒட்டிய கஞ்சி காய்ந்து ஏடு கட்டியிருந்தது. பதினாலு வயதுப் பிள்ளையை அத்தனை பேர் முன்னால் காட்டிக்கொடுக்க எனக்கு மனமில்லை. தீய்ந்தது கஞ்சிதான். உன் அத்தா பேசிய பேச்சுக்கு நீ பொறுப்பில்லை, அதை உன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

ஆனாலும் கேட்கிறேன். நான் பையை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தபோது நீ மாடிச் சன்னலில் நின்றாய். நான் திரும்பிப் பார்த்தேன், நீ பின்னால் நகர்ந்துவிட்டாய். அப்போதாவது இறங்கி வந்திருக்கலாம். ஒன்றும் பேச வேண்டாம், பஸ் வரை கூட நடந்து வந்திருக்கலாம். மூன்று வருடமாக எனக்கு உன் மேல் இருந்த வருத்தம் இது ஒன்றுதான்.

இப்போது இன்னொரு சங்கதி. ஞாயிற்றுக்கிழமை அயாஸ் இங்கே வந்தார். வீட்டை விற்கிற ஒப்பந்தத்தோடு வந்தார். உன் அத்தா அதில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. "மொதல்ல அக்கா போடட்டும்னு சொல்லிட்டாரு" என்கிறார். அக்காவாம். என்னைக் கூப்பிட அவனுக்குத் தரகர் வாய் வேண்டியிருக்கிறது.

என் வீட்டில் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். உன் மாமா போட்டுக்கொடு என்கிறார். உன் மச்சான் தப்ரேஸ் மாங்காய் ஏற்ற ஒரு வண்டி வாங்க வேண்டுமென்று இரண்டு வருடமாக அலைகிறான். என் பங்கு வந்தால் அவனுக்கு வழி பிறக்கும். அவன் என்னிடம் வாய் திறந்து கேட்கவில்லை. ஒப்பந்தத்தை மட்டும் நான் எழுந்து போனபிறகு எடுத்துப் படித்துக்கொண்டிருந்தான். பெற்றவளுக்கு அது போதாதா?

ஆக அரிசி டின்னில் இப்போது இரண்டு காகிதம் கிடக்கிறது. ஒன்றில் நான் அந்த வீட்டுக்காரி என்று போட வேண்டும். இன்னொன்றில் இனி இல்லை என்று போட வேண்டும்.

உன் மனுவில் போடத் தயார். எனக்கு வேண்டியது ஒரு வார்த்தை. நாலு பேர் காதில் விழ, இது ஓம் வீடில்ல என்று சொன்னான். நாலு பேர் காதில் விழ, அது அக்கா வீடும்தான் என்று சொல்லட்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். அவனுக்கு அது வராது, சின்ன வயதிலிருந்தே வராது.

நீ அவனிடம் சொல். எழுதிக் கொடுக்காதே, வாயால் சொல்.

சைதூன்


திண்டுக்கல்
10 ஜூலை 2025

மாமிக்கு ஸலாம்.

உங்கள் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. மத்தியானமே சொல்லிப் பார்த்தேன். என்னால் முடியவில்லை.

அத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். "அத்தா" என்றேன். "என்னம்மா?" என்றார். முகம் நல்லபடியாகத்தான் இருந்தது. "வெஞ்சனம் வைக்கவா?" என்று கேட்டுவிட்டேன். இலையில் அவர் கேட்காத பொரியலை வைத்துவிட்டு வந்தேன்.

அடுப்படியில் நான் அழுவதைப் பார்த்து அம்மா எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார். நேரே போய்ச் சொல்லிவிட்டார். நான் எழுதியது, நீங்கள் எழுதியது, எல்லாம். அத்தா சத்தம் போடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "அவுக போடமாட்டாக. எனக்குத் தெரியும் எங்க அக்காவ. அவுக போட்டுக் குடுத்தா நானும் போடுறேன். அதுக்காக நடுத்தெருவுல நின்னு பாட்டுப் பாட முடியாது" என்றார்.

அதனால் உங்களுக்குச் சொல்ல என்னிடம் அந்த வார்த்தை இல்லை. ஆனால் நான் பார்த்த ஒன்றை எழுதுகிறேன். நேற்று அயாஸ் லாட்ஜ்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டைக் காட்டினார். மாடி, கிணறு எல்லாம் பார்த்துவிட்டு ஷெட்டைத் திறக்கச் சொன்னார்கள். "சாவி எங்க வச்சேன்னு தெரியல" என்று அத்தா சொன்னார். அலமாரியில் தேடினார், என்னையும் தேடச் சொன்னார். நானும் தேடினேன். அவர்கள் போன பிறகு சட்டையைத் துவைக்க எடுத்தேன். சாவி பையிலேயே இருந்தது. நான் எடுத்துக் கொடுத்தபோது வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

போன கடிதத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். அளக்க வந்தவர் போகும்போது ஒரு தாளை நீட்டி, "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடும்மா" என்றார். நான் படிக்காமல் போட்டேன். அந்தத் தாள் அலுவலகத்தில் இருக்கும். அம்மாவிடம்கூட இதை மட்டும் சொல்லவில்லை. மனு கொடுத்தால் அது அத்தா கண்ணில் படும் என்று தெரிந்துதான் எழுதினேன். பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமையோடு நாள் முடிகிறது.

ஹுஸ்னா


நத்தம்
12 ஜூலை 2025

ஹுஸ்னாவுக்கு,

தபாலில் போட்டால் நாள் தப்பிவிடும். பெருமாயி மகன் பொன்னழகு திண்டுக்கல் பஸ்ஸில் கண்டக்டர். அவனிடம் கொடுத்துவிடுகிறேன். லிடியா வீட்டில் கொண்டுவந்து தருவான். உன்னிடம் ஏதாவது கேட்டால் பதில் சொல், பாவம், அவன் நல்ல பையன்.

மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சாவியை மறைத்தானே, அதற்காகப் போட்டேன். நான் கேட்டதை விட்டுவிட்டேன் என்று அர்த்தமில்லை. அது நின்றுகொண்டுதான் இருக்கிறது.

ஒப்பந்தத்தைக் கிழிக்கவில்லை. டின்னில்தான் கிடக்கிறது. மனு தள்ளுபடியானால் அதில் போட்டுக்கொடுத்துவிடுவேன். உன் அத்தாவால் கட்ட முடியாத வரியை வருடா வருடம் ஏற விட்டு, கடைசியில் வீடும் போய் மானமும் போக வேண்டாம். அப்போது என்னை வையக் கூடாது. இப்போதே சொல்லிவிட்டேன்.

நீ கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றி எழுதியிருக்கிறாய். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அங்கே இருப்பது நீ சொன்னதாக எழுதிய எழுத்து. அதை மன்சூர் மறுக்க முடியாது, அவன் அன்று வீட்டிலேயே இல்லை. நானும் முடியாது.

சைதூன்


திண்டுக்கல்
6 ஆகஸ்ட் 2025

மாமிக்கு ஸலாம்.

நேற்று விசாரணை நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. மனுவை அத்தாவிடம் கொடுத்த அன்று, உங்கள் கையெழுத்தை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னும் அந்த 'சை' கோணலாத்தான் போடுறாக" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு அதற்குக் கீழே போட்டார். லிடியா அக்காவும் அம்மாவும் போய்க் கொடுத்து ரசீது வாங்கி வந்தார்கள்.

நேற்று அத்தா கிளம்பும்போது நான் புர்காவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். "நானும் வாரேன் அத்தா" என்றேன். "நீ எதுக்கு? வந்து என்ன பேசப்போற?" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். அவர் மேலே கேட்கவில்லை.

அதிகாரி ஒரு பெண். உங்கள் வயதிருக்கும். அறைக்கு வெளியே எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றது. கதவைச் சாத்தவில்லை. முதலில் அத்தாவிடம் கேட்டார். அத்தா, "நோம்புக் கஞ்சிங்க, எங்க அத்தா ஆரம்பிச்சது" என்று இரண்டு வரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். கை கட்டியிருந்தார். அதை நான் பார்க்கக் கூடாது என்று வேறு பக்கம் பார்த்தேன்.

அந்த அதிகாரி அம்மா காகிதக் கட்டைப் புரட்டினார். "ஆய்வுப் படிவத்துல வேற மாதிரி இருக்கே. தினசரி சமையல், டோக்கன் முறை, இருநூறு பேர். வீட்டிலிருந்தவங்க கையெழுத்தும் இருக்கு. ஹுஸ்னா யாரு?"

அத்தா என் பக்கம் திரும்பினார். மாமி, அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீயாம்மா?" என்று அந்த அம்மா கேட்டார். தலையாட்டினேன்.

"தலையாட்டினா நான் என்னன்னு எழுதுறது? வாயைத் திறந்து சொல்லு."

பின்னால் ஒருவர், "செத்த நேரம்னாங்க, பொழுதே போயிரும் போல" என்றார். இன்னொருவர் அவரை அதட்டினார். மேசை மேல் என் கையெழுத்து கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"நோம்பு மாசம் மட்டும்தான். மத்த மாசம் பூட்டித்தான் இருக்கும். காசு வாங்குறதில்ல. டோக்கன் எல்லாருக்கும் எட்டணும்னு குடுக்கிறது. வந்தவர் சரியாத்தான் எழுதினாரு. அவர் கேட்டதுக்கு நாந்தான் தலைய மட்டும் ஆட்டினேன். நோம்புக்கு மட்டும்னு சொல்லல. படிக்காம கையெழுத்துப் போட்டேன்."

"ஏன் சொல்லல?"

"பேச வராது."

அந்த அம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு, "இப்ப வருதே" என்றார். சிரிக்கவில்லை. எழுதினார். பிறகு மனுவை எடுத்தார். "ரெண்டு பேர் கையெழுத்து இருக்கு. சைதூன் பீவி யாரு? அவங்களுக்கும் உரிமை இருக்கா, பேருக்கு மட்டுமா?"

அத்தா அந்த அம்மா கையிலிருந்த மனுவைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நான் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அவர் சொல்ல வேண்டியது என்று பேசாமல் இருந்தேன். இந்தத் தடவை பயத்தில் அப்படி இருக்கவில்லை.

"அக்கா" என்றார் அத்தா. "நத்தத்துல இருக்காக. மூத்தவுக. அது அவுக வீடுந்தான்."

நான் திரும்பி எண்ணினேன். வரிசையில் ஆறு பேர் நின்றார்கள். அதிகாரி கேட்டதால் சொன்னாரா, தானாகச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. குரல் சின்னதாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆறு பேருக்கும் கேட்டிருக்கும்.

முடிவு இன்னும் சொல்லவில்லை. இருபதாம் தேதி மறுபடி ஆள் வந்து ஷெட்டைப் பார்ப்பார்களாம். தெருவில் இரண்டு வீட்டில் விசாரிப்பார்களாம். அதற்குப் பிறகுதான் உத்தரவு வரும். எப்படி வரும் என்று லிடியா அக்காவாலும் சொல்ல முடியவில்லை. டின்னில் இருக்கிற காகிதத்தை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. தப்ரேஸ் மச்சானை நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

விசாரணை முடிந்து வீட்டுக்கு நடந்து வந்தோம். தோல் ஷாப் திருப்பத்தில் நான், "அன்னைக்குக் கஞ்சி தீஞ்சது என்னாலதான் அத்தா. மாமி கரண்டிய எங்கிட்டத்தான் குடுத்தாங்க" என்றேன். அவர் நின்றுவிட்டார். ஒரு லாரி போனது. அது போகும் வரை நின்றோம். "அக்காவுக்குத் தெரியுமா?" என்றார். "அன்னைக்கே தெரியும்" என்றேன். அதற்குப் பிறகு வீடு வரும் வரை என்னைவிட நாலு எட்டு முன்னாலேயே நடந்தார்.

வந்ததும் ஷெட்டைத் திறந்து உள்ளே போனார். கவிழ்த்து வைத்த அண்டா மேல் உட்கார்ந்திருந்தார். அம்மா டீ கொண்டுபோய் வைத்தார். அது ஆடை படிந்து அப்படியே இருந்தது. இன்று வேலை இல்லை. காலையிலிருந்து அங்கேதான் இருக்கிறார். கதவு திறந்திருப்பதால் நான் எழுதுகிற இடத்திலிருந்து அவர் முதுகு தெரிகிறது. நான் எழுதுவதும் அவருக்குத் தெரியும். யாருக்கு என்று கேட்கவில்லை.

கடிதத்தை மடித்து உறையில் போடப் போகிறேன். பின்பக்கத்தில் வழக்கம்போல் லிடியா அக்காவின் முகவரியை எழுத ஆரம்பித்தேன், இரண்டு எழுத்தோடு நிறுத்திவிட்டேன். அதை அடித்துவிட்டு நம் வீட்டுக் கதவு எண்ணை எழுதினேன். அதற்கு மேலே, நோட்டீசில் இருந்த வரிசைப்படியே, உங்கள் பெயரை முதலிலும் அத்தாவின் பெயரை அடுத்தும் எழுதினேன்.

ஹுஸ்னா